மூலைக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரியில் கிளெமெண்டின் பனி தள்ளும் வண்டி
என் வீட்டு வடமேற்கு மூலையைக் கடித்துவிட்டுப் போனது.
எட்டு மாதம் வெள்ளி நிற டேப்பைச் சுற்றி வைத்திருந்தேன்,
பல்வலிக்காரி தாடையைக் கட்டிக்கொண்டதுபோல.
வேண்டுமென்றே இடித்தாயா என்று நான் கேட்கவில்லை.
மூன்று வருடம் முன்பு
கொட்டகைக்கு அடியில் எலிமருந்து வைத்தாயா என்று
அவனும் கேட்கவில்லை.

தண்டர் பேயில், எங்கள் தெருவில்,
கேட்காமல் விடுவதும் ஒரு மரியாதை.
குப்பைத் தொட்டிகளை மட்டும்
ஒரே நாளில் வெளியே வைத்தோம்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை
பத்தடி மூலைச் சட்டத்தைத் தோளில் போட்டு,
வால் முனையில் சிவப்புத் துணி கட்டி,
தெருவைக் கடந்து வந்தான்.
"ஹில்க்கா, இன்னும் குளிர்ந்தால்
வினைல் பிஸ்கட் மாதிரி உடையும். இன்றைக்கே முடிக்கணும்."
வணக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை.
சட்டத்தில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது;
கிழிக்க மறந்தானா, காட்ட வந்தானா.

மூலைச் சட்டம்தான் முதலில் நிற்கும்.
பலகைகள் பிறகு வந்து
அதன் மடிப்புக்குள் முனை நுழைக்கும்.
ஆகவே இந்த ஒன்றை மாற்ற
இரண்டு சுவரையும் அவிழ்க்க வேண்டும்.
குறுக்குவழி உண்டே என்றேன்:
புதியதன் ஓரங்களை நறுக்கி, பழையதன்மேல் கவிழ்த்து, கொஞ்சம் பசை.
"அது ஒப்பனை" என்றான்.

வளைந்த கொக்கியைப் பலகையின் அடியுதட்டில் மாட்டி
கீழே இழுத்துக்கொண்டே நடந்தால்
ஸிப் போலத் திறந்துகொள்கிறது வீடு.
வடக்குச் சுவர் அவனுக்கு. மேற்கு எனக்கு.
இரண்டு ஏணிகள்.
மூலையில் வேலை செய்பவர்களுக்கு
ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.
கை தெரியும், ஆணி கேட்டு நீளும் விரல்கள்.
மூச்சுப் புகை தெரியும்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை.
கிழிந்த தார்க்காகிதம். காலியான குளவிக்கூடு.
அதற்கும் அடியில் பழைய மரப்பலகை, பச்சைப் பெயிண்ட்.
இருபத்தாறு வருடமாக ஒரு பச்சை வீட்டில் இருக்கிறேன்,
எனக்கே தெரியாது.

பழைய சட்டம் கழன்று புல்லில் விழுந்தபோது
சத்தமே இல்லை, அத்தனை லேசு.
புதியதை நிமிர்த்தினோம்.
"மேலே விரலகலம் விடு. கூரையடியைத் தொடக்கூடாது.
ஆணியை இறுக்காதே.
தலைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு காசு நுழையணும்.
கோடையில் நீளும், குளிரில் சுருங்கும்,
இறுக்கினால் அலை அலையாகப் புடைக்கும்.
அது தொங்கணும், ஹில்க்கா. ஒட்டக் கூடாது."

நாலாவது ஆணியில்,
முகம் தெரியாத என் பக்கத்திலிருந்து,
"பட்டனுக்கு எத்தனை வயது?" என்றேன்.
சுத்தியல் நின்றது.
"ஒன்பது. அந்த ஏப்ரலில் பத்து ஆகியிருக்கும்."
"எலிக்குத்தான் வைத்தேன்."
"தெரியும்."
மரம் ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் திரும்பி,
திரும்பி முடிக்க நேரம் எடுத்துக்கொண்டது.
"அன்றைக்கு வண்டி வழுக்கிவிட்டது" என்றான்.
ஐந்தாவது ஆணியை அடித்தான்.
பிறகு, "பாதிதான் வழுக்கியது."

நான் ஒரு ஆணியைத் தவறவிட்டு
அதைத் தேடக் கீழே இறங்கினேன்.
கிடைத்த பிறகும் சிறிது நேரம் தேடினேன்.

பலகைகளைக் கீழிருந்து மேலாகப் பூட்டினோம்,
உள்ளங்கையால் ஒரு தட்டு, ஒரு க்ளிக்.
கடைசி வரிசைக்கு அவன் டிரக்கின் விளக்கு தேவைப்பட்டது.
வெயில் தின்ற சுவர்களுக்கு நடுவே
புதிய சட்டம் பொய்ப்பல் மாதிரி வெளுத்து நின்றது.
"நாலு கோடை போனால் நிறம் சேர்ந்துவிடும்."
எனக்கு எழுபத்தொன்று. சேரட்டும் என்றேன்.
காபி குடிக்கிறாயா என்றும் கேட்டேன்.
வேண்டாம் என்றான், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

ராத்திரி மைனஸ் பதினொன்று.
படுக்கையறைச் சுவருக்கு வெளியே
சட்டம் இரண்டு முறை டக்கென்று நகர்ந்தது.

கொக்கியை என் ஜன்னல் விளிம்பில் விட்டுப் போயிருக்கிறான்.
திங்கட்கிழமை, குப்பை எடுக்கும் நாள்.
கொண்டுபோய்க் கொடுக்கலாம்.
இல்லை, கேட்டு வரட்டும்.